தள்ளுவண்டியில் கிடந்த ஆல்பமும் என் அளவு நோட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் குகைப் பகுதியில் 38 வருடம் தையல் கடை வைத்திருந்தவள் நான். இப்போது ஊசி கோர்க்கக் கண் ஒத்துழைக்காததால் மெஷினை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டேன். உங்கள் நாளிதழைத் தினமும் காலையில் ஒரு வரி விடாமல் வாசிப்பவள். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். பெரியவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில். பழைய பேப்பர்காரரின் தள்ளுவண்டியில் இரும்புக் கட்டில், நசுங்கிய அலுமினியப் பாத்திரம், நோட்டுக் கட்டு எல்லாம் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆல்பம் கிடந்தது. கறுப்புத் தாள், தாளுக்குத் தாள் நடுவே சிலந்தி வலை மாதிரிக் கோடு விழுந்த மெல்லிய காகிதம். அந்தக் காலத்து ஆல்பம் பார்த்தவர்களுக்குத் தெரியும். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கோங்கம்மா, அது எடைக்கே வராது" என்றார்.

மொத்தம் 46 படங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு வருடம், எதுவும் இல்லை. அந்த வீட்டுப் பையனுக்கு ஃபோன் போட்டேன். நல்ல பையன், சின்ன வயதில் பள்ளிச் சீருடை என்னிடம்தான் தைத்தான். "அக்கா, அதுல பாதிப் பேரு யாருன்னே எங்களுக்குத் தெரியலக்கா. தெரிஞ்ச நாலு படத்தை மொபைல்ல எடுத்துக்கிட்டேன்" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரென்று தெரியாத முகத்தை எத்தனை நாளைக்கு ஒருவன் பீரோவில் வைத்துக் காப்பாற்றுவான்?

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படம் கெடுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே படத்தைப் பற்றிய பேச்சு போய்விடுகிறது. அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே, ஒரு விஷயத்துக்கு ஒன்று என்று கையடக்கமாகச் சின்ன ஆல்பம் செய்யுங்கள். படத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் சொன்னதை எழுதுங்கள். இதை உங்கள் வாசகர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு இந்தப் பழக்கம் கடையிலிருந்து வந்தது. ரவிக்கை தைப்பவர்களிடம் அளவு நோட்டு இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. துணி மாறிவிடக் கூடாது என்று வெட்டிய துணியில் ஒரு துண்டை அந்தப் பக்கத்திலேயே குண்டூசியால் குத்தி வைப்பேன். நோட்டு நிறைந்தால் அடுத்த நோட்டு. வீடு மாறும்போது பலது போய்விட்டது. 11 நோட்டு மிச்சம் இருக்கிறது.

அம்மா இறந்த பிறகு ஒருநாள் அதைப் புரட்டினேன். 1986-இல் அம்மாவின் அளவு உயரம் 14, மார்பு 36, கைச்சுற்று 11. பக்கத்தில் மாம்பழ மஞ்சளில் ஒரு துண்டு. அக்கா கல்யாணத்துக்குத் தைத்தது. 1994-இல் மார்பு 38. அண்ணன் மகன் பிறந்த வருடம் அது, அம்மா பூரிப்பாக இருந்த காலம். கடைசியாக அளவெடுத்தது 2012 ஆடியில். மார்பு 33, கைச்சுற்று 9. ஓரத்தில் பென்சிலால் என் கையெழுத்து: "லூசாவே தெச்சுடு, உடம்பு தேறிடும் என்றார்." அந்த ரவிக்கையை அம்மா இரண்டு தடவைதான் போட்டார்.

என்னிடம் அம்மாவின் படங்கள் இருக்கின்றன. ஆனால் எந்தப் படமும் அந்தக் கைச்சுற்று சொன்னதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, துணித் துண்டுகளைச் சேர்த்து, அந்தந்த வருடத்துப் படத்தையும் வைத்து ஏழு அங்குலச் சதுரத்தில் ஒரு சின்ன ஆல்பம் செய்தேன். 'அம்மாவின் ரவிக்கைகள்' என்று மேலே எழுதினேன். அதுதான் முதலாவது. இதுவரை 19 செய்திருக்கிறேன்.

என் அப்பா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ரைட்டர் என்றால் ஆள் கணக்கு, கூலிக் கணக்கு எழுதுபவர். அவரிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அதனால் ஒரு பொங்கலில் மாட்டிய ரோல் அடுத்த பொங்கல்வரை உள்ளேயே இருக்கும். கழுவுவதற்குச் சேலத்துக்குத்தான் கொடுத்தனுப்ப வேண்டும். இரண்டே கால் அங்குலச் சதுரத்தில் கறுப்பு வெள்ளைப் படமாக வரும். அப்பா அவற்றைக் கறுப்புத் தாளில் முக்கோண மூலைப் பைகளில் செருகி வைத்திருந்தார். மலையில் மழையும் மூடுபனியும் வந்தால் துணிமணியெல்லாம் பூசணம் பூத்துவிடும். அதற்காக அம்மா அந்த ஆல்பத்தை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார். ஓரமெல்லாம் புகையேறிப் பழுப்பாகிவிட்டது, படங்கள் பிழைத்துக்கொண்டன.

அந்தப் படங்களைக் கெடுத்தது நான்தான். 1991-இல் கடைவீதியில் ஒரு புது ஆல்பம் வாங்கினேன். தாள் முழுக்க வரிவரியாகப் பசை, மேலே ஒட்டி எடுக்கிற பிளாஸ்டிக் படலம். மூலையும் வேண்டாம், பசையும் வேண்டாம் என்றார் கடைக்காரர். அப்பாவின் ஆல்பத்திலிருந்து 64 படங்களையும் எடுத்து ஆசை ஆசையாக மாற்றினேன். 2014-இல் திறந்தபோது பசை வரிகள் பழுப்பாகிப் படத்தின் முதுகோடு ஒன்றாகிவிட்டன. அந்த வகை ஆல்பத்தில் பசையில் அமிலம் இருக்கும். மேல் படலம் பெரும்பாலும் பிவிசி என்கிற பிளாஸ்டிக். நாளாக ஆகப் பசை இறுகிவிடும், படலம் படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டில் 1980, 90-களில் வாங்கிய இந்த மாதிரி ஆல்பம் இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். பிய்த்து மட்டும் எடுக்காதீர்கள். முதலில் ஒட்டியிருக்கிற நிலையிலேயே ஒவ்வொரு படத்தையும் ஃபோனில் தெளிவாக எடுத்துவிடுங்கள். அப்புறம் பல் இடுக்கில் விட்டு எடுக்கிற மெழுகு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே கொடுத்து, ரம்பம் இழுப்பது மாதிரி மெதுவாக இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். வராததை விட்டுவிடுங்கள், சுற்றியிருக்கிற தாளோடு வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். எனக்கு 51 படம் முழுசாக வந்தது. 13 படம் கிழிந்தது. அதில் ஒன்று அப்பா தனியாக நின்ற ஒரே படம்.

அந்த 51 படங்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு 2019 ஜனவரியில் பெரியம்மாவைப் பார்க்க ஏற்காட்டுக்குப் போனேன். அம்மாவின் அக்கா, அப்போது அவருக்கு 86 வயது. 20 கொண்டை ஊசி வளைவும் பேத்தி என் மடியில் படுத்துக்கொண்டே வந்தாள். காபிப் பழம் பறிக்கிற பருவம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் இறங்கியதும் வழியெல்லாம் பழத்தோல் புளித்த வாசனை வந்தது. எனக்குப் பத்து வயது திரும்பிவிட்டது.

இங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஒவ்வொரு படமாகக் காட்டி "இது யாரு, இது யாரு" என்று கேட்டேன். பெரியம்மா இரண்டு படத்துக்கு மேல் பதில் சொல்லவில்லை, களைத்துப்போனார். பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு சும்மா ஒரு படத்தைக் கையில் கொடுத்து, "இந்தச் சீலை என்ன கலரு பெரிம்மா?" என்றேன். தையல்காரிக்கு அதுதானே தோன்றும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அவர் "அது கத்திரிப்பூ. உங்கப்பன் சேலத்துல வாங்கியாந்தது. கரை மாத்திரம் பச்சை" என்றார். அதற்குப் பிறகு நிறுத்தவே முடியவில்லை. பேத்தியின் ஃபோனில் குரல் பதிவைப் போட்டு டம்ளருக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டேன்.

காபிக் களத்தில் பெண்கள் வரிசையாக நிற்க, அப்பா கையில் நீள நோட்டோடு இருக்கிற படம் ஒன்று. வேலை நடக்கிற படம் என்றுதான் நினைத்திருந்தேன். பெரியம்மா சிரித்தார். "வேலைக்கா இப்படி வருவாங்க? எல்லாரு தலையிலயும் பூ இருக்குது பாரு. அது சம்பள நாளு. உங்கப்பன் கையில இருக்கறது செக்ரோலு" என்றார். ஆள்வாரியாகக் கூலிக் கணக்கு எழுதுகிற நோட்டு அது. பிறகு உற்றுப் பார்த்தேன். உண்மைதான், அத்தனை பேரும் வெளுத்த சேலை கட்டியிருந்தார்கள்.

இன்னொரு படம். சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பெண் இடுப்பில் மூன்று வயதுக் குழந்தையோடு நிற்கிறார். முகம் பாதி நிழலில். அம்மாவும் நானும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். என் கல்யாணத்தின்போதுகூட அந்தப் படத்தைச் சட்டம் போடலாமா என்று பேச்சு வந்தது. பெரியம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "குழந்தை நீதான் கண்ணு. தூக்கியிருக்கறது உங்கம்மா இல்ல. உனக்குப் பால் குடுத்தவ" என்றார்.

எனக்கு நான்கு மாதம் இருக்கும்போது அம்மாவுக்கு டைபாய்டு வந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். எஸ்டேட்டை ஒட்டிய மலைக் கிராமத்தில் மலையாளி என்கிற பழங்குடி இனத்துப் பெண் ஒருவர் (கேரளத்து மலையாளி இல்லை), அவருக்கும் கைக்குழந்தை. இரண்டு மாதம் தினமும் இரண்டு வேளை நடந்து வந்து எனக்கும் பால் கொடுத்திருக்கிறார். அம்மா திரும்பி வந்த பிறகும் திருவிழாவுக்குத் திருவிழா என்னைத் தூக்கிக்கொண்டு போவாராம். இது எனக்குத் தெரிய வந்தபோது எனக்கு 53 வயது. அம்மா ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஒருவேளை எனக்குத் தெரியும் என்றே நினைத்திருப்பார். பெரியம்மா அவர் பெயரையும் ஊரையும் சொன்னார், எழுதிக்கொண்டேன். அந்த வீட்டாரைக் கேட்காமல் பத்திரிகையில் போடுவது முறையில்லை என்பதால் இங்கே எழுதவில்லை. அந்த ஒரு படத்துக்காக ஒரு தனி ஆல்பம் செய்து, அவர் மகன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பிரதி கொடுத்துவிட்டு வந்தேன். அவர்களிடம் அந்த அம்மாவின் வேறு படமே இல்லை.

சரி, எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். கடையில் விற்கிற ஒப்பனைச் சாமான் எதுவும் தேவையில்லை.

ஸ்டேஷனரி கடையில் 22-க்கு 28 அங்குலத்தில் சார்ட் அட்டை கிடைக்கும். அதை 28 அங்குல நீளம் கெடாமல் 7 அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளாக வெட்டுங்கள். ஒரு அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும், தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு நீளப் பட்டையையும் பாதியாக மடித்து, இரு முனைகளையும் அந்த நடு மடிப்புக்கே திருப்பி மடித்தால் நான்கு சதுரம் வரும். கொசுவம் மாதிரி முன்னும் பின்னுமாக மடிப்பு விழ வேண்டும். மிஞ்சிய ஒரு அங்குலப் பட்டையில் 7 அங்குலத் துண்டு வெட்டி, நீளவாக்கில் மடித்து, பட்டைக்கும் பட்டைக்கும் கீல் மாதிரி ஒட்டினால் மொத்தம் 12 பக்கம். பின்புறத்தையும் சேர்த்தால், அட்டை ஒட்டுகிற இரண்டு முனை போக, 22. இரண்டு முனையிலும் தடித்த அட்டை. அட்டைக்குத் துணி சுற்றுங்கள். 'மலையில் அப்பா' என்ற ஆல்பத்துக்கு அப்பா கல்யாணத்தில் கட்டிய சேலம் வெண்பட்டு வேட்டியில் கிழிந்துபோன ஓரத்தைச் சுற்றினேன். பட்டு வழுக்கும், அதனால் உள்ளே காலருக்கு வைக்கிற கேன்வாஸ் கொடுத்து அயர்ன் செய்தேன். காடாத் துணியாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கட்டுவதற்கு ஒரு நாடா.

இந்தக் கொசுவ ஆல்பத்தில் ஒரு நன்மை, படம் ஒட்ட ஒட்டப் பருத்தாலும் முதுகு பிளக்காது. நூல் போட்டுத் தைக்கிற புத்தகமாகச் செய்தால், ரவிக்கைக்குப் பட்டி வைப்பது மாதிரி ஒவ்வொரு தாளுக்கும் முதுகுப் பக்கம் அரை அங்குல அட்டைப் பட்டி வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் பிளந்துகொண்டு நிற்கும்.

சாதாரண சார்ட்டில் பழகிக்கொள்ளுங்கள். அசல் படத்தை வைப்பதாக இருந்தால் தாள் நல்லதாக இருக்க வேண்டும். மரக்கூழ்க் காகிதத்தில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது. அது காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகி அமிலத்தைக் கொடுக்கும். அமிலம் இல்லாதது என்று அச்சிட்டிருக்கிற ஓவியத் தாளைக் கேட்டு வாங்கலாம். பருத்தித் துணிக் கழிவில் செய்கிற கைக்காகிதமும் உண்டு, புதுச்சேரி ஆசிரமத்தில் செய்வது பலருக்குத் தெரிந்திருக்கும். வெட்டிப் போட்ட துணி திரும்பத் தாளாகி வருவதை முதலில் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படத்தின் மேல் பசை படவே கூடாது. மூலைதான் செருக வேண்டும். ஒரு அங்குலத்துக்கு அரை அங்குலத்தில் காகிதத் துண்டு வெட்டி, மேல் முனைகள் இரண்டையும் கீழ் நடுவுக்கு மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். அதில் படத்தின் மூலையைச் செருகி, பையை மட்டும் தாளில் ஒட்டுங்கள். நாளைக்கு வேண்டுமென்றால் படத்தைச் சேதமில்லாமல் எடுக்கலாம், ஸ்கேன் செய்யலாம். பைண்டிங் கடையில் மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள், பூச்சி வராது என்பதற்காக. அது விஷம். குழந்தைகள் புரட்டுகிற ஆல்பத்துக்கு வேண்டாம். சும்மா மைதாப் பசை தடவினால் ராமபாணப் பூச்சி தேடிக்கொண்டு வரும். குச்சிப் பசை போதும், அதையும் மெல்லிசாக.

செல்லோ டேப் கூடவே கூடாது. சில வருடத்தில் டேப் கழன்று விழும், பழுப்புக் கறை மட்டும் நிற்கும். லேமினேஷன் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டில் உருகி ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை. பால்பாயிண்ட் பேனாவால் படத்தின் பின்னால் அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள், வழவழப்பான கலர்ப் படமாக இருந்தால் பக்கத்துத் தாளில் எழுதுங்கள். பத்திரிகைத் துணுக்கு சீக்கிரம் பழுப்பாகும் தாள், உங்கள் நாளிதழாக இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதுதான் நல்லது. மெஷினில் வருகிற பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு இவற்றில் எழுத்து தானாக அழிந்துவிடும், அவற்றுக்கும் ஜெராக்ஸ்தான். ஆல்பம் வைக்கிற இடத்தில் நாப்தலின் உருண்டை வேண்டாம். காற்றாட, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வைத்தால் போதும். மழைக் காலம் முடிந்ததும் ஒருநாள் எடுத்து நிழலில் விரித்து வையுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உருவமாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசாகிறதே, அதே வெள்ளிதான். கொலுசு கறுப்பது மாதிரி அதுவும் காற்றுக்கும் ஈரத்துக்கும் மாறும். சாய்த்துப் பார்த்தால் கறுப்பான இடங்களில் கண்ணாடி மாதிரி மினுக்கும். ஆனாலும் தாத்தா காலத்துப் படம் இன்னும் நிற்கிறது. கலர்ப் படத்தில் இருப்பது சாயம், நாளாக நாளாக அது வெளுக்கும். என் கல்யாணப் படங்களில் எல்லோரும் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டார்கள். அதனால் பழைய கலர்ப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படமாக இருந்தால் 600 டிபிஐ (ஸ்கேன் எவ்வளவு துல்லியம் என்பதன் அளவு) கேட்டு வாங்குங்கள்.

ஃபோனில் எடுக்கிற படங்களைப் பற்றி இளையவர்கள் கேட்பார்கள். என் மகள் ஃபோனில் ஒன்பதாயிரத்துக்கு மேல் இருக்கிறது. அதில் வருடத்துக்குப் பன்னிரண்டு பொறுக்கச் சொன்னேன், அப்பாவின் ரோல் கணக்குக்கு. பொறுக்க உட்கார்ந்தவள் அழுதுவிட்டாள், நல்ல அழுகைதான். அந்தப் பன்னிரண்டைப் பிரின்ட் போட்டு ஒரு கொசுவ ஆல்பம், பக்கத்துக்கு நான்கு வரி. பேத்தி அதற்குத் தன் பல் விழுந்த நாளை எழுதினாள், பல்லையும் சின்னக் கவரில் போட்டு ஒட்டினாள். அது அவள் ஆல்பம், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆல்பத்தில் போடப் படமே வேண்டும் என்றுகூட இல்லை. அத்தை கையால் எழுதிய மாங்காய்த் தொக்குக் குறிப்பு, மாமா அனுப்பிய இன்லேண்ட் லெட்டர், ஆடியில் எங்கள் குகை மாரியம்மன் திருவிழாவின் வண்டி வேடிக்கைக்கு (அலங்கரித்த வண்டியில் சாமி வேடம் போட்டு வரும் ஊர்வலம்) அண்ணன் முருகன் வேடம் போட்டபோது கிரீடத்திலிருந்து உதிர்ந்த ஜிகினாக் காகிதம், இவையெல்லாம் என்னிடம் ஆளுக்கொரு ஆல்பமாக இருக்கின்றன. அந்த வண்டி வேடிக்கை ஆல்பத்தில் படம் ஒன்றே ஒன்றுதான். மீதி ஒன்பது பக்கமும் அண்ணன் சொன்ன கதை. வேல் கனமாக இருந்ததால் பாதி வழியில் அப்பா வண்டிக்குப் பின்னாலேயே நடந்து, யாருக்கும் தெரியாமல் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாராம். படத்தில் வேலுக்குக் கீழே ஒரு விரல் தெரிகிறது. கதை கேட்கும்வரை அந்த விரலை ஒருவரும் பார்த்ததில்லை.

இன்னொன்று. சொந்தம் முழுக்க ஒரே இடத்தில் கூடுவது பதினாறாம் நாள் காரியத்தில்தான். கல்யாணத்தில் யாருக்கும் உட்காரவே நேரம் இருக்காது. சித்தப்பாவின் காரியத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாயை விரித்து, பெயர் தெரியாத படங்களின் ஜெராக்ஸைப் பரப்பி, நான்கு பென்சிலையும் வைத்துவிட்டேன். முதலில் யாரும் தொடவில்லை. அப்புறம் ஒரு அத்தை குனிந்து ஒன்றை எடுத்தார். சாயந்தரத்துக்குள் 31 படத்துக்குப் பெயர் வந்துவிட்டது. துக்கத்தோடு வந்தவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். உங்கள் வாசகர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். நம் ஊரில் பழைய போட்டோ ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அங்கே இருக்கிற நெகட்டிவ் எல்லாம் நம் வீட்டு முகங்கள். அப்பா தனியாக நின்று எடுத்த படம் கிழிந்ததும், அதன் நெகட்டிவ் இருக்குமா என்று, படம் கழுவிய ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். இடத்தைக் காலி செய்தபோது மூட்டையோடு எடைக்குப் போட்டுவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், அதற்கு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்களுக்கும் வாடகை, கடன் என்று எத்தனையோ கஷ்டம் இருந்திருக்கும். மூடுவதற்கு முன் ஒரு மாதம் கடை வாசலில் ஒரு போர்டு வைத்தால் போதும். வேண்டியவர்கள் வந்து காசு கொடுத்தே வாங்கிக்கொள்வோம். இதை நீங்கள் எழுதினால் ஸ்டூடியோக்காரர்கள் காதுக்கு எட்டும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு ஓரத்தில் உள்ளங்கை அளவு இடம் ஒதுக்கி, 'இவர் யார்?' என்று வாசகர் அனுப்புகிற பழைய படம் ஒன்றைப் போடுங்கள். சேலம், ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், மலை ஊர்கள் எல்லா இடத்திலும் உங்கள் நாளிதழ் வருகிறது. வயதானவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

முதல் படத்தை நானே இத்துடன் இணைத்திருக்கிறேன், அசலை இல்லை, பிரதியை. தள்ளுவண்டியிலிருந்து எடுத்த அந்த ஆல்பத்தின் ஒன்பதாவது படம். வீட்டுப் பையனிடம் ஃபோனில் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் அனுப்புகிறேன். ஏற்காட்டு ஏரிக்கரையில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். பின்னால் தண்ணீர், இடது பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம். மூத்தவருக்கு முப்பது வயது இருக்கலாம், பஃப் கை வைத்த ரவிக்கை, நல்ல தையல், எங்களுக்கெல்லாம் முந்தின தலைமுறை தையல்காரர் யாரோ தைத்தது. இளையவர் கையில் ஒரு தூக்குப்போசி. மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் 'மீ' என்ற முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. யாராவது அடையாளம் தெரிந்து உங்கள் அலுவலகத்துக்கு வந்தால் என் முகவரியைக் கொடுங்கள். 46 படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற தையல்காரி,
குகை, சேலம்.